ஏலத்தில் வந்த மிலிட்டரி லாரியும் பழைய ஜேசிபியும்: வாங்குவதிலிருந்து வேலை வாங்குவது வரை

எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சக்திமான் லாரி நிற்கிறது. பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய பழைய ஜேசிபி ஒன்று. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பட்டாளத்து வண்டிங்க, அதுக்கு என்ன ஆகப்போகுது!"

ஆகும். பட்டாளத்தில் இருக்கும்வரை வண்டிக்கென்றே 'மெயின்டனன்ஸ் பரேட்' உண்டு. கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போவது அங்கே டிரைவரின் டியூட்டி. அந்த லாரியின் பலத்தில் பாதி தொழிற்சாலையில் வந்தது, மீதி அந்தப் பரேடில் வந்தது. கழித்துக்கட்டியதும் பரேட் நின்றுவிடும். அப்புறம் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், வெட்டவெளியில் வெயிலும் மழையும் குடித்துக்கொண்டு நிற்கும். நம் கைக்கு வரும்போது அது ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதுதான் அதிகம். ரப்பர் காய்ந்திருக்கும், தண்ணீர் புகுந்திருக்கும், எண்ணெய் செத்திருக்கும். எனவே சரிபார்க்கும் வரிசையும் சாதாரண செகண்ட் ஹேண்ட் லாரிக்குப் பார்க்கும் வரிசை இல்லை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவுக்காரர்களுக்குப் பட்டாளம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் பெயர். நாங்கள் அவரை அண்ணன் என்கிறோம்.

முதல் படி: தாள்

வண்டியைப் பார்க்கும் முன் தாளைப் பாருங்கள். ராணுவம் கழிக்கும் வாகனங்கள் பெரும்பாலும் எம்எஸ்டிசி என்ற அரசு நிறுவனத்தின் மின்னணு ஏலத்தில் வருகின்றன. இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதுதான் விற்பனை நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல முடியாது. ஏலக் குறிப்பில் 'ஸ்கிராப்' என்று இருந்தால் அது இரும்பு விலைக்கு உடைக்க வேண்டிய சரக்கு. அதைச் சாலையில் ஓட்டலாம் என்று எந்தத் தரகர் சொன்னாலும் நம்ப வேண்டாம். நானே ஒரு தரகரை நம்பி, பாதித் தாளோடு ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அதை மீட்க எட்டு மாதம் அலைந்தேன்.

ராணுவ வண்டிக்கு ஆர்டிஓ பதிவு இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 60ஆம் பிரிவின்படி ராணுவமே தனியாகப் பதிவு செய்துகொள்கிறது. ராணுவப் பயன்பாடு முடிந்ததும் எல்லா வண்டியையும் போல அதையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே நம் மாநிலத்தில் பதிவாகி, எஃப்சி (தகுதிச் சான்று) நடப்பில் இருக்கும் வண்டியாகத் தேடி வாங்குவது நிம்மதி. விலை கூடும், பரவாயில்லை.

பழைய எண் பலகை கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். மேல் நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கம், ராணுவம் அதை வாங்கிய ஆண்டு. விற்பவர் சொல்லும் வயதை அதோடு ஒப்பிடலாம். அப்புறம் நிறம். ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டுமே உரியது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி. அழகாக இருக்கிறது என்று அப்படியே விட்டால் எஃப்சி போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். என் சக்திமான் இப்போது காவி மண் நிறம்.

எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. சக்திமான், ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த லாரி. 1990களின் நடுப்பகுதி வரை வந்தது. இனி அதற்குக் கம்பெனி ஸ்பேர் என்று எதையும் எதிர்பார்க்க முடியாது. சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி மாதிரிச் சந்தைகளில் கிளற வேண்டும். ஜோங்கா ஜீப்பும் நிசான் ஒன் டன் லாரியும் பெட்ரோல் வண்டிகள், நன்றாகக் குடிக்கும். அசோக் லேலண்ட் ஸ்டாலியன் நம் ஊர் லாரிகளின் உறவுக்காரன், மெக்கானிக்குக்கும் ஸ்பேருக்கும் பஞ்சமில்லை. வேலைக்கு வேண்டுமென்றால் ஸ்டாலியன், ஆசைக்கு வேண்டுமென்றால் சக்திமான். நான் ஆசைக்கு வாங்கி வேலைக்கு வைத்திருக்கிறேன். அந்த முட்டாள்தனத்துக்கு விலையாகச் சனிக்கிழமைகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பேர் விஷயத்தில் ஒரு ஆறுதல் உண்டு. பேரிங்கும் ஆயில் சீலும் பெரும்பாலும் பொது அளவுதான். பேரிங்கில் எண் பொறித்திருக்கும். சீலுக்கு உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து போனால் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் "அதெல்லாம் வர்றதில்லைங்க" என்ற பதில் வரும்.

இரண்டாம் படி: உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்

வண்டி வந்து இறங்கியதும் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அந்த ஒரு செல்ஃபில் போன எஞ்சின்கள் நிறைய. முதலில் எல்லா எண்ணெயையும் கொஞ்சமாகத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), முன் பின் ஆக்ஸில் ஹவுசிங் என்று தனித்தனி பாட்டில். ஒரு இரவு நிற்கட்டும். காலையில் அடியில் தண்ணீர் தெளிந்திருந்தாலோ, எண்ணெய் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தாலோ, தண்ணீர் புகுந்திருக்கிறது.

என் வண்டியின் பின் ஹவுசிங்கில் இருந்து வந்தது சரியான கடை டீ. சீல் போயிருக்கும் என்று நினைத்தேன். அண்ணன் சீலைத் தொடவே இல்லை. ஹவுசிங்கின் மேல் இருந்த, விரல்நுனி அளவு பிரீதரை, அதாவது உள்ளே காற்று போய்வரும் மூக்கை, கழற்றினார். பச்சைப் பெயின்டாலும் சேற்றாலும் அடைத்துக் கிடந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் ஆற்றில் இறங்கினால் சட்டென்று ஆறும், உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுபடி சூடாகும்போது அதே விளிம்பு வழியாக எண்ணெயைத் துப்பும். சீல் மாற்றி மாற்றி ஓய்ந்துபோகிற பலருடைய வண்டியில் குற்றவாளி இந்தப் பிரீதர்தான். எத்தனை பிரீதர் இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றையும் டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள்.

அடுத்து எஞ்சின். டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனர் போட்டுக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். நடுவில் முட்டினால் பலம் காட்டாமல் நிறுத்திக் காரணம் தேடுங்கள். தாராளமாகச் சுற்றினால் நாசிலை மாட்டி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாம்.

டீசல் டேங்கைக் கழற்றியே கழுவ வேண்டும். அடியில் கறுப்பாகக் கூழ் மாதிரி இருக்கும், அது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளர்ந்த கிருமி. இரண்டு தடவை ஃபில்டர் மாற்ற வேண்டிவரும். டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும் வரிசை இது: பிரைமர் அடித்துக்கொண்டே ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை, அப்புறம் பம்ப் ஸ்குரூ, கடைசியில் செல்ஃப் அடித்தபடி நாசில் பைப் நட்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நெடுநாள் நின்ற டீசல் பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் ராடு ஒட்டிக்கொண்டிருக்கும். முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், எஞ்சின் பிடித்த நொடியில் ரேஸ் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஸ்டாப் கேபிளை இழுத்தால் லிவர் நகர்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாய்க்கு ரப்பர் ஒட்டிய பலகை ஒன்றைத் தயாராக வைத்து, அதோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். ரேஸ் ஏறினால் வாயைப் பலகையால் அடைத்து மூச்சை நிறுத்த வேண்டியதுதான். கையால் அடைக்கப் போகக் கூடாது. ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகு ஸ்டாப்பை விடுங்கள்.

ரேடியேட்டருக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் இரண்டே வருஷத்தில் குழாயை அடைத்துவிடும். கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

மூன்றாம் படி: 24 வோல்ட்

இந்த லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். நன்றாக இருந்தால் ஓய்வில் 25.4 வோல்ட் அளவில் காட்டும், எஞ்சின் ஓடும்போது 27 முதல் 28.5 வரை. எல்லோரும் செய்யும் தப்பு, பாட்டுப் பெட்டிக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுப்பது. அந்தப் பேட்டரி வற்றும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், இரண்டும் ஒரே மழைக்காலத்தில் சாகும். 24க்கு 12 கன்வெர்ட்டர் ஒன்று மாட்டுங்கள். டிராக்டர் பேட்டரியில் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள்.

பின் ஹவுசிங்கின் நடுவில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் மட்டும் விழும்படி ஒரு சின்ன விளக்கு இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். பட்டாளத்தில் இரவில் மற்ற விளக்கெல்லாம் அணைத்து வரிசையாகப் போகும்போது, பின்னால் வரும் டிரைவர் அந்த வெள்ளை வட்டத்தை மட்டும் பார்த்து ஓட்டுவார். எனக்கு அது ஹவுசிங்கில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க உதவுகிறது.

நான்காம் படி: பிரேக்

ஓட்டிப் பார்க்கும் முன் பிரேக். உங்கள் வண்டியில் முழு ஏர் பிரேக்கா, ஏர் உதவியோடு ஆயில் பிரேக்கா என்பதைப் பைப்பைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யுங்கள். ஏர் டேங்க் வடிகாலைத் திறந்தால் துருத்தண்ணீர் கொட்டும். ஓட்டும் நாளெல்லாம் திறந்து வடிக்க வேண்டும். டேங்க் நிரம்பியதும் எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்துப் பிடித்துக் காது கொடுங்கள். 'ஸ்ஸ்' சத்தம் வரும் இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

ஆயில் பிரேக் என்றால் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லா ரப்பர் கப்பும் ஹோஸும் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், நின்ற வண்டியில் சிலிண்டர் உள்ளேயே துரு குழி விழுந்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கப்பெல்லாம் ஊறி உப்பிப் போயிருந்தது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று வைத்துக்கொண்டே டிரம்மைத் திறங்கள். தூசியைக் காற்றால் ஊதாமல் தண்ணீர் தெளித்துத் துடைத்தெடுங்கள்.

ஐந்தாம் படி: சக்கரம்

இந்தப் படியில் உயிர் போகும். அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3209 என்றால் 2009ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. பட்டன் முழுசாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஓடாத டயருக்குப் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும். பக்கச் சுவரில் நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் அது தோட்டத்துக்குள் ஓட மட்டும்தான்.

லாரி ரிம்மில் லாக் ரிங் இருக்கிறது. ரிம்மின் விளிம்பில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் உட்காரும் இரும்பு வளையம். காற்று ஏற ஏற டயர் அந்த வளையத்தைத் தள்ளும், வளையம் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் பள்ளம் முழுக்கத் துரு பொருக்குத் தட்டியிருக்கும். வளையம் உட்கார்ந்த மாதிரித் தெரியும், ஆனால் துருவின்மேல் உட்கார்ந்திருக்கும். காற்று பாதி ஏறியதும் பீரங்கிக் குண்டு மாதிரிப் பறக்கும்.

செய்யும் முறை: தொடும் முன் வால்வு ஊசியையே கழற்றி முழுக் காற்றையும் விடுங்கள். கம்பி விட்டு வால்வு அடைக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். ரிம்மையும் ரிங்கையும் இரும்பு பிரஷ்ஷால் வெள்ளை தெரியத் தேய்த்துப் பாருங்கள். வளைந்த ரிங், வேறு ரிம்முக்கான ரிங், பற்றவைத்த ரிங் மூன்றும் நேரே இரும்புக் கடைக்கு. காற்று அடிக்கும்போது சக்கரம் கூண்டுக்குள் இருக்க வேண்டும், ஆள் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும், நீள ஹோஸும் கிளிப் வாயும் வேண்டும். காற்று ஏறும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் பழக்கம் சாலையோரக் கடைகளில் இருக்கிறது. அங்கே நிற்காதீர்கள். காற்று குறித்த அளவில் 80 சதவீதத்துக்கு இறங்கிவிட்டாலே, அப்படியே அடிக்காமல் கழற்றிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

சில மிலிட்டரி வண்டிகளில் ரிம்மே இரண்டு தட்டாக, போல்ட்டால் இணைந்திருக்கும். ஹப்பைப் பிடிக்கும் நட் உள் வட்டத்தில், தட்டுகளைப் பிடிக்கும் நட் வெளி வட்டத்தில். காற்றோடு வெளி வட்ட நட்டைக் கழற்றினால் முடிந்தது கதை. அண்ணன் அந்த நட்டுகளுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்.

ஆறாம் படி: நாலு வீல்

நாலு சக்கரத்துக்கும் விசை போகும் லிவர் மண்ணுக்கும் சேற்றுக்கும்தான். தார் ரோட்டில் போட்டு ஓட்டினால், திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டும், ஷாஃப்ட் முறுக்கேறும். லிவர் வெளியே வராமல் அடம்பிடித்தால் அடிக்காதீர்கள், பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், தானாக விடும். மாதம் ஒரு தரமாவது மண்ணில் முன் ஆக்ஸிலைப் போட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் தேவைப்படும் அன்று விழாது.

கியர் ஆயிலில் வண்டியின் பழைய தகட்டில் உள்ள தரத்தையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 உயர்ந்தது என்று கடைக்காரர் கொடுப்பார். பித்தளைப் பாகங்கள் உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தான் பாதுகாப்பு.

ஏழாம் படி: தோண்டும் மிஷின்

நம் ஊரில் சொல்லும் பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர், ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயர் எழுத்துகள். இரண்டும் மிஷினின் பெயராகவே நின்றுவிட்டன. டோசர் பற்றி ஒரே வரி: செயின், ரோலர், ஸ்ப்ராக்கெட் தேய்ந்திருந்தால் மிஷின் விலைக்குச் சமமாகச் செலவு வரலாம், அதைப் பார்க்காமல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாங்காதீர்கள்.

பழைய ஜேசிபியின் உண்மை வயது, மூட்டுகளைக் கோக்கும் இரும்புப் பின்னிலும் (pin) அது உட்காரும் புஷ்ஷிலும் தெரியும். பார்க்கும் விதம்: பக்கெட்டை மெல்லத் தரையில் ஊன்றி, ஒருவர் லிவரை இம்மி இம்மியாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். நீங்கள் எட்ட நின்று டார்ச் அடித்து மூட்டைப் பாருங்கள். அந்தப் பின் முதலில் நகர்ந்து, ஒரு கணம் கழித்துத்தான் மிஷினின் கை நகர்ந்தால், அந்த ஒரு கண இடைவெளிதான் தேய்மானம். என் மிஷினில் பக்கெட் மூட்டுப் பின்னைத் தட்டி எடுத்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய பின் ஒரு பக்கம் நிலா மாதிரி தேய்ந்திருந்தது. கிரீஸ் நிப்பிள் மண்ணால் அடைத்திருந்ததால், அடித்த கிரீஸ் எல்லாம் வெளியிலேயே வழிந்திருக்கிறது. பார்த்தவர்களுக்குக் கிரீஸ் அடித்த மிஷின், உள்ளே காய்ந்த இரும்பு. எனவே நிப்பிளைத் துடைத்துவிட்டு, மூட்டின் இரண்டு ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை. ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் புது புஷ் அடித்தும் பயனில்லை, லேத்தில் போரிங் போட வேண்டும்.

ஹைட்ராலிக் ஹோஸில் வெடிப்போ வியர்வையோ தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனைத் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக்கடி மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலோ கையோ போய்விடும் நிலை. அப்படி ஆனால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓடி, ஹைட்ராலிக் எண்ணெய் ஏறியது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட அட்டைப் பெட்டித் துண்டு போதும். ஹோஸைக் கழற்றும் முன் மிஷினின் பக்கெட், கை, ஊன்றும் கால் எல்லாவற்றையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுங்கள்.

சிலிண்டர் பிடிக்கிறதா என்று பார்க்க, கையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்து, ராடில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். யாரும் அடியில் நிற்க வேண்டாம். கோடு கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் உள்ளே சீல் விடுகிறது. மிஷினை நிறுத்தும்போது ராடுகளை முடிந்தவரை உள்ளே இழுத்துவிட்டு, வெளியே தெரியும் பளபளப்பில் கிரீஸ் பூசுங்கள். மழையில் புள்ளித் துரு விழுந்த ராடு, புதுச் சீலை ஒரே வாரத்தில் அறுத்துவிடும். வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போகக் கூடாது.

எட்டாம் படி: வேலை

தோண்டும்போது முன் பக்கெட்டும் இரண்டு காலும் ஊன்றி, மிஷினின் எடை டயரில் இல்லாமல் இருக்க வேண்டும். மண் இளக்கமென்றால் காலுக்கடியில் தடித்த பலகை போடுங்கள். காலுக்குப் பக்கத்தில் தோண்டாதீர்கள், தன் காலடி மண்ணைத் தானே பறிக்கும் மிஷின் பள்ளத்தில்தான் போய்ச் சேரும். எடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பில் குவிக்காமல் தள்ளிக் கொட்டுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான செங்குத்துப் பள்ளத்தில், முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்க வேண்டாம். மேலே மின் கம்பி, கீழே பைப்லைன் இரண்டையும் பார்த்த பிறகே முதல் பக்கெட். ரோட்டில் ஓட்டும்போது பூம் லாக்கும் பக்கவாட்டு லாக் பின்னும் போட்டிருக்க வேண்டும்.

லாரியில் ஏற்றும்போது பக்கெட்டை டிரைவர் கேபின்மேல் கொண்டுபோகாமல் பின்பக்கமாகச் சுற்றி ஏற்றுங்கள். பட்டாளத்தில் சக்திமானை 'த்ரீ டன்' என்பார்கள். காடு மேட்டில் அந்தக் கணக்கிலேயே ஏற்றுங்கள். ஈர வண்டல் மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கும் மேல் வரும், இரண்டு கன மீட்டரை எட்டும் முன்பே நிறுத்திவிட வேண்டியதுதான். டிராலி பாடி கட்டிப் பக்கவாட்டில் பலகை ஏற்றியவர்களின் ஸ்பிரிங் பட்டைகள்தான் பட்டறைகளை வாழவைக்கின்றன.

ஏரி வண்டல் அள்ளவும், மலைப்பகுதியில் மண் வெட்டவும் அனுமதி வாங்குங்கள். நீலகிரியில் மண் அள்ளும் மிஷின் இயக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

ஒன்பதாம் படி: பரேட்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை ஏழு மணி. கொட்டகைக் கம்பத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. ஏர் டேங்க் வடிப்பு, எண்ணெய் அளவு, டயர் காற்று, வீல் நட், பேட்டரி தண்ணீர், கிரீஸ் நிப்பிள்கள். நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறேன், அடித்தது எத்தனை, எண்ணியது எத்தனை என்று ஒத்துப்போக வேண்டும். வேலை இல்லாத மாதத்திலும் இரண்டு வண்டியையும் சூடாகும்வரை ஓட்டி, எல்லா லிவரையும் எல்லை வரை அசைத்துவிட்டுத்தான் நிறுத்துவது. வெறும் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தினால் எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும்.

போன சனிக்கிழமை அண்ணன் வந்திருந்தார். நோட்டைப் புரட்டிவிட்டு, லாரிக்கடியில் எட்டிப் பார்த்து, ஒரு நிப்பிளை விரலால் துடைத்துக் காட்டினார். காய்ந்திருந்தது. நோட்டில் டிக் இருந்தது. "பேனாவால கிரீஸ் அடிச்சிட்டீங்க போல" என்றார்.